‘நல்லா இருக்கு’ என்றால் புள்ளி கிடையாது

பேராக்கில் தமிழர் இருவர் முதல்முறையாகச் சந்தித்தால் அறிமுகம் ஒரே கேள்வியில் தொடங்கும்: “எந்தத் தோட்டம்?” பதில் வந்த கையோடு, “அங்க கிராணி வீட்டுக்குப் பின்னாடி லயத்துல ஒரு கண்ணாடிக்காரர் இருந்தாரே, அவருக்கு நீங்க என்னா வேணும்?” என்று அடுத்தது வரும். டீ ஆறுவதற்குள் இரண்டு கல்யாணம், ஒரு சம்பந்தி சண்டை, ஒரு நகைத் தகராறு எல்லாம் வெளியே வந்து, கேட்டவர் சித்தப்பா முறையாகியிருப்பார். தோட்டத்தை விற்று, மரத்தைச் சாய்த்து, அங்கே வீடமைப்புப் பகுதியும் பெட்ரோல் நிலையமும் எழும்பி எவ்வளவோ காலமாகியிருக்கும். கேள்வி மட்டும் மாறாது.

நான் இப்போது படிக்கும் இயங்கலைக் கல்லூரியில் இதை யாரும் கேட்பதில்லை. ஓவியக்கலை டிப்ளோமாவின் முதல் பாடத்தில் முதல் வாரப் பணி இப்படி இருந்தது: உங்களை 150 சொற்களில் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். உங்களைப் பாதித்த கலைப்படைப்பு ஒன்றின் படத்தை இணையுங்கள். சக மாணவர் இருவருக்கு மறுமொழி எழுதுங்கள். அறிமுகத்துக்குக் கடைசி நேரம் புதன் இரவு 11.59. மறுமொழிக்கு ஞாயிறு இரவு 11.59.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஈப்போ புந்தோங்கில் இருப்பவள் என்று எழுதினேன். நாற்பது சொல்கூடத் தேறவில்லை. தோட்டத்தின் பெயரையும் லயத்தின் வரிசையையும் சொல்ல முடியாவிட்டால் எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேறு என்னதான் இருக்கிறது? மிச்சத்துக்கு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கச்சாங் பூத்தே கம்பத்தைப் பற்றி எழுதினேன். கடலை, முறுக்கு, பக்கோடா என்று அங்கே கொப்பரையில் எண்ணெய் காய ஆரம்பித்தால் எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. அந்த அறிமுகத்தைப் படித்தவர்களில் மூன்று பேர், அஞ்சலில் முறுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கலையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏன் இந்த வயதில் என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் இல்லை. சின்ன வயதில் ஆபீசில் கழித்துப்போட்ட செக்ரோல் தாளின் பின்பக்கம்தான் எனக்கு ஓவியத்தாள். முன்பக்கம் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று இருக்கும். பின்பக்கம் நான் வரைந்த மாடு, லாரி, துரை வீட்டு நாய். படிவம் ஐந்து முடித்ததும் கலைக்கல்லூரி என்று வாயெடுத்தேன். “படம் வரைஞ்சு என்னா சோறா வடிக்கப் போறே?” என்றார் அப்பா. கணக்கு படித்தேன், சோறு வடித்தேன். இப்போது ஓய்வு. மகன் கோலாலம்பூரிலிருந்து கொண்டே என் பெயரைப் பதிந்துவிட்டான்.

பழைய சான்றிதழ் போதாதவர்களுக்கு மலேசியாவில் ஏப்பெல் என்று ஒரு வழி இருக்கிறது. வாழ்க்கையில் கற்ற அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு உயர்கல்விக்குள் விடுவார்கள். அனுபவத்தை ஆதாரத்தோடு தொகுத்துக் காட்ட வேண்டும். மார்கழிக் கோலங்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மேடைத் திரை, கோயில் திருவிழாப் பந்தல், மூன்று நிற மையில் நான் எழுதிய பேரேடு எல்லாவற்றையும் படம் பிடித்து அடுக்கினேன். எங்க வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “கோலம் போட்டதுக்கெல்லாம் காலேஜுல எடம் குடுத்தா, இந்தத் தெருவுல பாதிப் பேரு ப்ரொபசர்லா” என்றார். சேமநிதிப் பணத்தில் சமையலறைக்கு ஓடு பதிக்கலாம் என்று அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்தின் கண்ணீரைத்தான் இன்றுவரை காப்பியில் கலந்து குடித்துக்கொண்டிருக்கிறார்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். கணினிக்குள் அவர்கள் கட்டி வைத்திருக்கும் கட்டடத்துக்கு ஏகப்பட்ட கதவுகள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும், போன முறை வைத்தது இருக்கக் கூடாது. உள்ளே போனால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். நீங்கள் எப்போது வந்தீர்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் எல்லாம் அதற்குத் தெரியும். அம்மாவுக்கு இதை விளக்கச் சிரமமே படவில்லை. எண்பதைத் தாண்டிய அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, தண்டல் பெயர் கூப்பிட, கை தூக்கி வாழ்ந்தவர். “இதுவும் பெரட்டுதான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பதிவு போட்டுவிட்டு மறுமொழி எழுதாவிட்டால் பாதிப் புள்ளிதான் என்றேன். “அரைப்பேரு!” என்று கைகொட்டிச் சிரித்தார். அரை நாள் கூலியை அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கப் போகுமுன், “பேரு விழுந்துருச்சா?” என்று கேட்காமல் விளக்கை அணைப்பதில்லை.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் தேதி வந்ததிலிருந்து இயங்கலைப் படிப்பு நாட்டில் புதுமையே இல்லை. அந்த வருஷம் சபாவில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தில் ஏறி, ராத்திரி அங்கேயே தங்கித் தேர்வெழுதியது உலகச் செய்தியானது. எங்கள் பழைய தோட்டத்தில் அந்த வித்தை செல்லாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையில் ஏறினால் இணையம் கிடைக்கிறதோ இல்லையோ, முள் உறுதி. அந்தப் பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் என் சித்தி மகள், கைப்பேசியில் சிக்னல் வேண்டுமென்றால் முனியாண்டி கோயில் வாசலுக்குத்தான் போகிறாள். அந்த முனியாண்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரத்தில் மற்றவர்கள் இணைத்த படங்களைப் பார்த்தேன். மோனாலிசா பல முகவரிகளிலிருந்து வந்திருந்தாள். வான்கோவின் நட்சத்திர இரவும் கொஞ்சம். ஒரு பெண் தன் பூனையின் படத்தைப் போட்டு, “இறைவனின் படைப்பு” என்று எழுதியிருந்தாள். மெங்லெம்புவிலிருந்து ஒரு சீனப் பையன், பழைய ஈப்போவில் சுவர் முழுக்க உட்கார்ந்து காப்பி குடிக்கும் அந்தப் பெரியவரைப் போட்டிருந்தான். பினாங்கில் 2012இல் சுவரோவியம் வரைந்து பேர் வாங்கிய லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சகாரெவிச், 2014இல் ஈப்போவுக்கு வந்து வரைந்தவற்றில் ஒன்று அது. வார இறுதியில் அந்தச் சுவர் முன்னால் நின்று படம் பிடிக்கிற கூட்டத்தில், நிஜமாகவே காப்பி குடிக்க வந்த பெரியவர்களுக்கு வழி கிடைப்பதில்லை.

நான் லாட்டைப் போட்டேன். பேராக்கில் பிறந்து, ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படித்து, 1979இல் ‘கம்போங் பாய்’ வெளியிட்ட அந்தக் கேலிச்சித்திரக்காரர் எங்களுக்கு அண்டை வீட்டார் மாதிரி. மலாய்க் கம்பம், சீனக் கடை, நம் ஆட்களின் கல்யாணப் பந்தல் எல்லாம் ஒரே பேனாவில் வரும். ஒருவரையும் விடமாட்டார், ஒருவருக்கும் கோபமும் வராது. இதையெல்லாம் எழுதாமல், “இவர் படம் நல்லா இருக்கும், பார்த்தால் சிரிப்பு வரும்” என்று சுருக்கமாக முடித்தேன். கேலிச்சித்திரத்தை விளக்குவது மரியாதையில்லை என்பது என் கொள்கை.

ஆசிரியைக்குக் கொள்கை வேறு. ஷா ஆலாமில் இருக்கும் மலாய் அம்மையார். நேரில் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. பதிவுக்குக் கீழே இரண்டே வரி எழுதினார்: “வாருங்கள். சிரிப்பு வந்ததாகச் சொல்கிறீர்கள். படத்தில் எதைப் பார்த்து?”

அந்தப் பாடத்தின் விதி அதுதான். ‘நல்லா இருக்கு’ என்றால் புள்ளி கிடையாது. ‘அழகு’, ‘சூப்பர்’, கட்டைவிரல், பூச்செண்டு, கைகூப்பிய படம் எதற்கும் கிடையாது. ‘பிடிக்கவில்லை’ என்பதற்கும் கிடையாது. எதைச் சொன்னாலும் படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஃபிலிப் யெனவைனும், அபிகெய்ல் ஹவுசன் என்ற உளவியல் அறிஞரும் சேர்ந்து இப்படி ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறார்கள். மொத்தம் மூன்றே கேள்வி. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? அப்படிச் சொல்ல எதைப் பார்த்தீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? ஓவியர் யார், எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் அப்புறம். கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டாவது கேள்வியை யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், தெரியும்.

முதலில் தடுமாறியது நான் மட்டுமில்லை. எங்கள் வகுப்பு முழுக்க மலேசியர்கள். அடுத்தவர் மனம் கோணாமல் பேசியே வளர்ந்தவர்கள். தைப்பிங்கில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர், ஒவ்வொரு மறுமொழியையும் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆரம்பிப்பார். பிறகு பாராட்டு. பிறகு இன்னொரு மன்னிப்பு. எல்லாம் தாண்டிக் கடைசி வரியில், “கைகள் மட்டும் சற்றே பெரிதோ என்று ஓர் ஐயம்” என்று வரும். அந்தக் கைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் முறம் அகலம். கிளந்தானில் ஒரு பெண், எந்தப் படத்துக்கும் “ஆழமானது” என்று எழுதுவாள். ஆசிரியை, “எந்த இடத்தில்?” என்று கேட்பார். அவள், “எல்லா இடத்திலும்” என்பாள். மெங்லெம்பு பையன் நேர்மாறு. “வலது மூலையில் நிழல் தப்பு” என்று எழுதிவிட்டுப் போய்விடுவான், மன்னிப்பும் இல்லை, வணக்கமும் இல்லை. புள்ளி அவனுக்குத்தான்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. கூடிப் பேசிக் கலையை அலசுவது அமெரிக்காவிலிருந்து வந்த சங்கதி என்று பாடக்குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் எங்கள் தோட்டத்தில் முனியாண்டியின் மீசைக்காக நடந்தது என்ன?

முனியாண்டி தோட்ட எல்லையில் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். சிமென்ட்டுச் சிலை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் சாயம் பூசுவோம். சாயம் ஆபீசில் கேட்டு வாங்குவது. என்ன மிச்சமோ அதுதான் சாமிக்கு. அதனால் பல வருஷம் அவர் வேட்டியும் ஆபீஸ் கதவும் ஒரே பச்சையில் இருந்தன. ஒரு வருஷம் கறுப்புத் தீர்ந்துபோய், கிளினிக்குக்கு வாங்கிய நீலம் மட்டும் இருந்தது. மீசைக்கு நீலம் பூசலாமா?

பூசாரி கூடவே கூடாது என்றார். கோயில் தலைவர், கிருஷ்ணர் முழுக்க நீலமாக இருக்கும்போது முனியாண்டிக்கு மீசை நீலமானால் என்ன குறைந்துபோகும் என்றார். பேச்சு பெரட்டுக்களத்தில் ஆரம்பித்து, பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போய், சாயந்தரம் கள்ளுக்கடையில் சூடு பிடித்து, ராத்திரி லயத்து வாசலில் தொடர்ந்தது. யாரும் ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்லே’ என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. காரணம் கேட்பார்கள். என் பாட்டி சொன்ன காரணம்தான் பெரிதாகப் பேசப்பட்டது: “காவக்காரனுக்கு மீசை எட்டத்துல வரும்போதே தெரியணும். நீலம் ராத்திரியில அடங்கிப்போவும்.” லாரி டிரைவர் ஒருவர் மறுப்புச் சொன்னார். ராத்திரியில் கறுப்பு மட்டும் தெரியுமா, சாமிக்கு முன்னால் எரியும் விளக்கு மஞ்சள், மஞ்சள் வெளிச்சத்துக்கு எது எடுப்பு என்று பார்க்க வேண்டாமா என்றார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து, மீசை கிடக்கட்டும், சாமிக்கு இடது கண் மாறுகண்ணாக இருக்கிறதே, அதை எப்போது சரி செய்யப் போகிறீர்கள் என்று புதிய கேள்வி வந்தது. கடைசியில் அதே டிரைவர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சின்ன டின் கறுப்பு வாங்கி வந்தார். அதற்குள் நீலத்துக்கு ஆதரவு கூடிவிட்டது. மீசை கறுப்பு, ஓரத்தில் நீலக்கோடு என்று உடன்பாடானது. இன்றைக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே அந்த நீல ஓரம் இருக்கிறது. இடது கண்ணும் அப்படியே.

இரண்டாம் வாரத்துக்கு இதையே எழுதிப் போட்டேன். ராணுவக்காரர் மன்னிப்பே கேட்காமல், நீல ஓரம் வந்த பிறகு மீசை தூரத்தில் பெரிதாகத் தெரிந்ததா, சிறியதாகத் தெரிந்ததா என்று கேட்டார். வகுப்பு உருப்படுகிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

மூன்றாம் வாரம் பேச்சை நிறுத்திவிட்டு வரையச் சொன்னார்கள். கண்ணை மூடாமல் குருட்டுக்கோடு போடும் பயிற்சி. கிமோன் நிகோலைடிஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் பரப்பியது. 1941இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தை இன்றும் ஓவிய மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். தாளைப் பார்க்கக் கூடாது. பொருளின் ஓரத்தைக் கண் எவ்வளவு மெதுவாக நகர்ந்து பார்க்கிறதோ அதே வேகத்தில் பென்சில் நகர வேண்டும். பென்சிலை எடுக்கவும் கூடாது.

அம்மாவின் கையை வரைந்தேன். டீவித் தொடர் ஓடும் நேரம் அவர் அசையமாட்டார். இடது கட்டைவிரலில் உளி பட்ட பழைய தழும்பு, மடங்கியே நின்றுவிட்ட சுண்டுவிரல், புறங்கையில் நரம்பு. விளம்பர இடைவேளைக்குள் முடித்துப் படம் பிடித்துப் போட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் கலந்துரையாடல் எங்கோ போயிருந்தது. கிளந்தான் பெண் இஞ்சி என்றாள். மெங்லெம்பு பையன் ஜின்செங் வேர் என்றான். அவர்கள் வீட்டில் மருந்துக்கடையாம், அதனால் எந்த வகை என்றும் சொன்னான். ராணுவக்காரர் நீளமாக எழுதியிருந்தார்: இது கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள், மடிப்புகள் குகைகள், கீழே தனியாகப் பிரிந்து நிற்பது கல்லுடைத்து மிச்சம் வைத்த குன்று, ஓவியர் இயற்கை அழிவைப் பற்றிக் கவலைப்படுகிறார். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பதற்கு இடம் குறித்து ஆதாரமும் கொடுத்திருந்தார். அந்தத் தனிக்குன்றுதான் அம்மாவின் சுண்டுவிரல். அவருக்கு முழுப் புள்ளி.

கை என்று நான் சொல்லவில்லை. அந்த விளக்கத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அம்மாவிடம் மட்டும் படத்தைக் காட்டினேன். மலை, இஞ்சி எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கோட்டைத்தான் பார்த்தார். “இந்த எடத்துல பயந்திருக்கே” என்று மணிக்கட்டுக்கு மேலே விரலை வைத்தார். “இங்க நின்னு நின்னு போயிருக்கு பாரு. உளிய இப்புடி இழுத்தா மரம் கெட்டுச்சு.”

அப்புறம் மேசைமேல் ஆட்காட்டி விரலால் இழுத்துக் காட்டினார். இடது மேலிருந்து வலது கீழே சரிவு. நிறுத்தாமல் ஒரே இழுப்பு, காலும் கூடவே மரத்தைச் சுற்றி நகர வேண்டும். பால் இருப்பது பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து உளி நிற்க வேண்டும். மேலோடு போனால் பால் இல்லை, உள்ளே இறங்கினால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடம் முண்டு முண்டாகத் தடித்துப்போய் மறுபடி வெட்டவே முடியாது. விடிகாலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கோட்டை இழுத்த கை. “அப்ப நீங்க தாளைப் பாத்துதானேம்மா வரைஞ்சீங்க?” என்று மடக்கினேன். “இருட்டுல என்னாத்த பாக்குறது? காதுல கேக்கும்டி” என்றார். பட்டை சீவுகிற சத்தத்திலேயே ஆழம் தெரியுமாம். நிகோலைடிஸுக்கு இது தெரியாமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம்.

நான்காம் வாரம் பெரிய வேலை. உங்கள் ஊரில் பொது இடத்தில் உள்ள ஒரு கலைப்படைப்பைப் பற்றி ஃபெல்ட்மன் முறையில் எழுதுக. எட்மண்ட் ஃபெல்ட்மன் என்பவர் கலை விமர்சனத்துக்கு நான்கு படி கட்டியிருக்கிறார். முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வருணிக்க வேண்டும். அடுத்து உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று பகுக்க வேண்டும். மூன்றாவது பொருள் காண வேண்டும். நான்காவதுதான் தீர்ப்பு. எங்கள் உறவுக்கூட்டத்தில் தீர்ப்பு முதலில் வந்துவிடும், மற்ற மூன்றும் வருவதே இல்லை. புடவைக்கடையில் பெரியம்மா தலையை ஆட்டிவிட்டால் கடைக்காரர் மடித்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.

நான் பெர்ச் மணிக்கூண்டைத் தேர்ந்தெடுத்தேன். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909இல் ஈப்போவில் கட்டியது. அந்தக் கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் டத்தோ சாகோர். இப்போது மணிக்கூண்டு நிற்கும் சாலைக்குப் பெயர் ஜாலான் டத்தோ சாகோர். பக்கத்தில் இருக்கும் உணவு வளாகமும் அவர் பெயரில்தான். கொலையுண்டவருக்குக் கடிகாரம், தூக்கில் தொங்கியவருக்குச் சாலையும் சாப்பாடும். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளாமல் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். மலேசியாவைப் பற்றி வெளிநாட்டார் கேட்டால் நான் இங்கேதான் கூட்டிப்போவேன்.

காலை வெயில் ஏறுமுன் மூவரும் போனோம். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, வருணனையும் பகுப்பாய்வும் எனக்கு, பொருள் காண்பது தனக்கு என்று சொல்லி நேராக உணவு வளாகத்துக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் கூண்டைச் சுற்றினோம். மேலே மூலைக்கு ஒன்றாக நான்கு பெண் உருவங்கள், பிரிட்டிஷ் ஆட்சியின் நான்கு நற்குணங்களாம்: விசுவாசம், நீதி, பொறுமை, மனவுறுதி. ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன். பொறுமை வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். “பொறுமைக்குச் செல வைக்கணும்னா, வாளியத் தூக்கிக்கிட்டு ஸ்டோர் வாசல்ல வரிசையில நிக்கிறாளே, அவளுக்குல்ல வைக்கணும்?”

கீழே சுற்றிலும் மனித நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டும் சித்திர வரிசை. மொத்தம் 44 பேர் என்று கணக்கு. மோசஸ் இருக்கிறார், புத்தர் இருக்கிறார், ஷேக்ஸ்பியர், டார்வின் எல்லாரும் இருக்கிறார்கள். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார். தெரிந்தவர் யாரையாவது தேடுகிறாரோ என்று நினைத்தேன். தேடத்தான் செய்திருக்கிறார்.

“ஏண்டி, இத்தன பேருல பால் வெட்டுனவன் ஒருத்தனும் இல்லையா?”

வீட்டுக்கு வந்து ஃபெல்ட்மன் சொன்னபடி நான்கு படியும் ஏறினேன். டத்தோ சாகோரைத் தூக்கிலிட்ட அதே 1877இல்தான், பேராக்கின் ரெசிடென்ட்டாக வந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டார் என்பதையும், இந்தக் கூண்டு எழுந்த நேரத்தில் ரப்பர் விலை உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதினேன். கட்டடத்தின் உயரம், வெள்ளை நிறம், நிழல் விழும் பக்கம் எதையும் விடவில்லை. கடைசியில், என் தாயார் கேட்டது என்று சொல்லி அந்தக் கேள்வியையும் சேர்த்தேன்.

நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. ராணுவக்காரர், பால் வெட்டியவரை விடுங்கள், ராத்திரி காவல் நின்றவன் எங்கே என்றார். மெங்லெம்பு பையனுக்குத் தாத்தா ஈயச்சுரங்கத்தில் வேலை செய்தவராம். அந்த வட்டாரமே ஈயத்தால் எழுந்தது, ஈயம் தோண்டியவனும் இல்லையே என்று முதல்முறையாக ஒரு வரிக்கு மேல் எழுதினான். கிளந்தான் பெண் ‘ஆழமானது’ என்றாள். எந்த இடத்தில் என்று ஆசிரியை கேட்குமுன், “இல்லாத இடத்தில்” என்று தானே சேர்த்தும்விட்டாள். ஞாயிறு வந்தும் பேச்சு ஓயவில்லை. அப்போது ஆசிரியை உள்ளே வந்து என்னைப் பிடித்தார்: “‘பால் வெட்டியவர் இல்லை’ என்பது நான்கு படிகளில் எதில் வரும்? முதல் படியா, நான்காவதா? உங்கள் தாயாரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

கேட்டேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “இல்லாதத இல்லேன்னு சொன்னேன். இதுக்கு எதுக்கு நாலு படி?” என்றார். மறுமொழிக்குக் குறைந்தது நூறு சொல் வேண்டும் என்பது விதி. இடையில் இருந்த பள்ளத்தை நான் சரித்திரம் போட்டு நிரப்பி அனுப்பினேன். ஆசிரியை, அம்மா சொன்னதை மட்டும் எடுத்து வாரச் சுருக்கத்தின் தலைப்பில் வைத்தார். அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு தெம்பு. யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தினமும் படித்துக் காட்ட வேண்டும். ராணுவக்காரரை ‘அந்தத் தைப்பிங் தம்பி’ என்கிறார். தம்பிக்கு வயது எழுபது இருக்கும்.

இப்போது ஐந்தாம் வாரம். பாடம் தம்புன் குகை ஓவியம். ஈப்போவை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றின் சுவரில் செந்நிற மண்ணால் தீட்டியவை. 1959இல் ரோந்து போன கூர்க்கா சிப்பாய்களின் கண்ணில் பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட உருவங்களை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். மான் இருக்கிறது, மனிதர் இருக்கிறார்கள், கடல் இவ்வளவு தள்ளி இருக்கும் இந்த ஊரில் கடல்பசுவும் இருக்கிறது. வரைந்தவர் பெயரைக் கேட்டு மதிப்பெண் குறைக்க வழியில்லை என்பதால் எனக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் என்ன சாப்பாடு என்பதை ஏற்கெனவே விசாரித்துவிட்டார்.

தைப்பிங் தம்பி முந்திக்கொண்டு, அது கடல்பசுவே அல்ல, ஆற்று மீன் என்று வாலைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார். மன்னிப்பு ஒரே ஒரு முறைதான். அவருக்கு மறுமொழி எழுதும் முறை என்னுடையது. படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மீனு இல்ல.”

“ஏம்மா அப்புடிச் சொல்றீங்க? எதைப் பார்த்து?”

கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். “எதைப் பாத்தேன், ஏன் பாத்தேன்னு என்னையக் கேக்குறதுக்கு நீ யாருடி, ஷா ஆலாம் டீச்சரா? மீனு இல்லேன்னு எழுது.”